பழைய வீட்டுக் கணினியில் கல்வி மென்பொருள்: நிறுவுவது முதல் கோளாறு பார்ப்பது வரை

தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கிய லேப்டாப் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. படிப்பு முடித்து அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் பீரோவின் மேல் ஏறிவிட்டது. இப்போது வீட்டில் ஆறாவது படிக்கிற தம்பிக்கோ, முதல் வகுப்புப் போகிற அக்கா மகளுக்கோ அதைத் தூசி தட்டி எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விண்டோஸ் 7 அல்லது 8.1, 2 முதல் 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க் என்று எந்த நிறுவனத்தின் கணினி வைத்திருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

பலர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். ஒரு மென்பொருளின் தளத்துக்குப் போய், பெரிதாகப் பச்சை நிறத்தில் இருக்கும் டவுன்லோடு பொத்தானை அழுத்தி, இன்று வந்த புதுப் பதிப்பை இறக்குகிறார்கள். அது பத்து வருடப் பழைய கணினியில் ஓடாது. உடனே கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கணினிக்கு ஏற்ற பதிப்பு அதே தளத்தில் இரண்டு கிளிக் தள்ளி இருக்கும். இந்த வழிகாட்டியில் பாதி வேலை அதைத் தேடிப்பிடிப்பதுதான்.

முதலில் கணினியின் நிலைமை

இன்ஸ்டால் செய்ய உட்காரும் முன் லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பி பேட்டரியைப் பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ, டச்பேடு மேலெழும்பியிருந்தாலோ பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். அதை சார்ஜ் போடவே கூடாது. கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள். கழற்ற வராத மாடலாக இருந்தால் சர்வீஸ் கடையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். குழந்தை கையில் கொடுக்கப்போகும் பொருள் என்பதால் இதில் சமரசம் வேண்டாம்.

அடுத்து, கணினியை ஆன் செய்ததும் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த கணினியில் மதர்போர்டில் இருக்கும் சிமோஸ் செல் தீர்ந்து, தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருக்கும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது. 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்ற மாதிரி எச்சரிக்கைதான் வரும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடித்தவர்கள் உண்டு. தேதியைச் சரிசெய்தால் போதும். ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்ததும் தேதி திரும்பவும் பின்னால் போனால் செல்லை மாற்ற வேண்டும். டெஸ்க்டாப்பில் அது சிஆர்2032 என்ற வட்டச் செல்; கால்குலேட்டர் கடையில்கூடக் கிடைக்கும். லேப்டாப்பில் அதே செல் பெரும்பாலும் ஒயரோடு இருக்கும், அதைக் கடையில் கொடுத்து மாற்றுவது நல்லது.

இனி, 'கம்ப்யூட்டர்' ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' போங்கள். அங்கே மூன்று விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: விண்டோஸ் எந்தப் பதிப்பு, ரேம் எவ்வளவு, சிஸ்டம் டைப் 32 பிட்டா 64 பிட்டா. விண்டோஸ் 7 என்றால் கூடவே 'சர்வீஸ் பேக் 1' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்றைய மென்பொருள் பலவும் முதல் படியிலேயே நின்றுவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். 32 பிட் விண்டோஸ் போட்டிருப்பதால் பிராசஸரும் 32 பிட் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் 2 ஜிபி ரேம் கணினிகளில் 64 பிட் பிராசஸர் இருந்தாலும் 32 பிட் விண்டோஸையே போட்டார்கள். விண்டோஸ் 7-ல் கன்ட்ரோல் பேனலில் 'பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் அண்ட் டூல்ஸ்' திறந்து, விவரங்களைக் காட்டும் இணைப்பைத் தட்டினால், '64 பிட் கேப்பபிள்' என்ற வரியில் ஆம், இல்லை என்று இருக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதாக இருந்தால் இந்த வரி முக்கியம்.

கடைசியாக ஹார்டு டிஸ்க். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருள் பழைய விண்டோஸிலும் ஓடும். நீலத்தில் 'குட்' என்று காட்டினால் தொடரலாம். மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் முதலில் உள்ளே இருக்கும் போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அந்த டிஸ்க்கில் மென்பொருள் போட்டுப் போட்டு அழிவதில் பயன் இல்லை.

செலவு செய்வதாக இருந்தால்

ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்குங்கள். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்திலேயே அப்படியே உட்காரும். ஐந்து நிமிடம் பூட் ஆகிக்கொண்டிருந்த கணினி ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். அடுத்துதான் ரேம். இந்த வயது லேப்டாப்களில் பெரும்பாலும் டிடிஆர்3. அதிலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு வகை உண்டு. அதனால் இப்போது உள்ள ரேம் குச்சியைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது உத்தமம். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களிலும் பழைய லேப்டாப் சர்வீஸ் கடைகளில் கழற்றிய ரேம் மலிவாகக் கிடைக்கும். 32 பிட் விண்டோஸ் 7 அதிகபட்சம் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது என்பதால் 8 ஜிபி போட்டுவிட்டு ஏமாற வேண்டாம்.

எதற்கு எந்தப் பதிப்பு

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஜிகாம்ப்ரி. பிரெஞ்சுக்காரர் புரூனோ கூதுவான் 2000-ல் தொடங்கியது. இப்போது கேடிஇ என்ற திறந்த மூல மென்பொருள் குழுவின் கீழ் வளர்கிறது. இரண்டு முதல் பத்து வயதுவரை உள்ளவர்களுக்கு எழுத்து, எண், மவுஸ் பிடிக்கும் பயிற்சி, சதுரங்கம், தண்ணீர்ச் சுழற்சி என்று நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். மெனுவைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 7-க்குப் புதிய பதிப்பு வேண்டாம். அதன் டவுன்லோடு சேமிப்பிடத்தில் பழைய பதிப்புகள் வரிசையாக இருக்கின்றன. உங்கள் கணினி 32 பிட் என்றால் பெயரில் 'வின்32' என்று உள்ள கோப்பை எடுங்கள்.

ஜிகாம்ப்ரியில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று. திறந்தவுடன் திரை முழுக்கக் கறுப்பு, பின்னணி இசை மட்டும் கேட்கும். காரணம், திரையில் படம் வரைய அது பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல் முறை பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஒத்துவராதது. ஸ்டார்ட் மெனுவில் ஜிகாம்ப்ரி ஃபோல்டருக்குள் 'சேஃப்' என்ற பெயரிலோ மென்பொருள் ரெண்டரிங் என்றோ இன்னொரு குறுக்குவழி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் குறுக்குவழியின் ப்ராப்பர்டீஸில், 'டார்கெட்' வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சின்னக் கோடுகள் போட்டு, அதை ஒட்டி சாஃப்ட்வேர், ஒரு கோடு, ரெண்டரர் என்று ஆங்கிலத்தில் சேர்த்துச் சேமியுங்கள். கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். குரல் கேட்கவில்லை என்றால் அது வேறு பிரச்சினை. குரல் கோப்புகள் இன்ஸ்டாலருக்குள் முழுதாக இருப்பதில்லை. இணையம் இருக்கும்போது செட்டிங்ஸில் தரவிறக்க வேண்டும்.

வரைவதற்கு டக்ஸ் பெயின்ட். 2002-ல் பில் கென்ட்ரிக் தொடங்கியது. எந்தப் பழைய கணினியும் இதைத் தாங்கும். தமிழும் உண்டு. கூடவே வரும் டக்ஸ் பெயின்ட் கான்ஃபிக் என்ற தனி மென்பொருளில்தான் மொழி, திரை அளவு, அச்சிட அனுமதி எல்லாம் இருக்கிறது. இது தெரியாமல் பலர் ஆங்கிலத்திலேயே ஓட்டுகிறார்கள். ஸ்டாம்ப் படங்கள் தனி டவுன்லோடு. அது இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதி சுவாரசியம் போய்விடும், மறக்காமல் எடுங்கள். அச்சிடுவதை மட்டும் நிறுத்தி வையுங்கள். பிரின்டர் இருக்கும் வீட்டில் ஒரே மாலையில் மை காலியாகும்.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா. வடிவங்களையும் வரைபடங்களையும் வரைந்து பார்க்கும் மென்பொருள்; ஆறாம் வகுப்புக்கு மேல் அவசியம் என்பேன். சமச்சீர் கணிதப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்று பாடத்தின் இறுதியில் வரும் பகுதிகள் பெரும்பாலும் ஜியோஜீப்ராவை வைத்துத்தான் அமைந்திருக்கின்றன. அதில் கிளாசிக் 5, கிளாசிக் 6 என்று இரண்டு. 6 என்பது உள்ளே ஒரு முழு பிரவுசரையே தூக்கிக்கொண்டு வருவது. 2 ஜிபி ரேமில் திணறும். 5 ஜாவாவில் எழுதியது, தேவையான ஜாவாவும் உடனேயே வரும். பழைய கணினிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிளாசிக் 5. புத்தகத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டை போனில் ஸ்கேன் செய்து, ஜியோஜீப்ரா பக்கத்திலிருந்து செயல்பாட்டை ஜிஜிபி கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டால், நெட் இல்லாத கணினியிலும் திறக்கலாம்.

பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் பழக்கும் ஸ்கிராட்ச் பற்றித்தான் அதிகக் குழப்பம். ஸ்கிராட்ச் 3 வெளிவந்தது 2019 ஜனவரியில். அதன் டெஸ்க்டாப் பதிப்புக்கு விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிகள். ஒன்று, குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் நேராக ஸ்கிராட்ச் தளத்தில் செய்வது. இரண்டு, டர்போவார்ப் டெஸ்க்டாப் என்ற மாற்று. விண்டோஸ் 7, 8-க்கென்று தனி இன்ஸ்டாலர் வைத்திருக்கிறார்கள். மூன்று, ஸ்கிராட்ச் 1.4. இது மிகப் பழையது, 1 ஜிபி ரேமிலும் ஓடும். ஆனால் பள்ளியில் ஸ்கிராட்ச் 3-ல் செய்த கோப்பை 1.4 திறக்காது. என் தேர்வு டர்போவார்ப்தான். ஸ்கிராட்ச் 2-ஐத் தொட வேண்டாம். அதற்கு அடோபி ஏர் வேண்டும், அதைத் தேடிப் போகிற இடத்தில் குப்பை ஒட்டிக்கொள்ளும்.

வானியலுக்கு ஸ்டெல்லேரியம். டவுன்லோடு பட்டியலில் ஒரே பதிப்புக்குப் பல கோப்புகள் இருக்கும். பெயரில் 'க்யூடி5' என்று இருப்பது விண்டோஸ் 7-க்கு, 'க்யூடி6' விண்டோஸ் 10-க்கு. நிறுவிய பிறகு திறக்க மறுத்தால், ஸ்டார்ட் மெனுவில் 'ஆங்கிள் மோடு', 'மெசா மோடு' என்று இரண்டு உபரிக் குறுக்குவழிகள் இருக்கும். முதலில் ஆங்கிள், அதுவும் முடியாவிட்டால் மெசா. மெசாவில் வானம் விட்டு விட்டுத்தான் நகரும். ஆனால் ஓரியன் எங்கே, வியாழன் எங்கே என்று பார்க்க அது போதும்.

ஃபெட் என்ற அறிவியல் செயல்விளக்கங்கள், கொலராடோ பல்கலைக்கழகம், போல்டரில் 2002-ல் நோபல் பரிசாளர் கார்ல் வீமன் தொடங்கியவை. எச்டிஎம்எல்5 வடிவில் உள்ள ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். இரட்டைக் கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும், இன்ஸ்டால் என்ற பேச்சே இல்லை. மின்சுற்று கட்டும் விளக்கம் ஒன்று போதும், எட்டாம் வகுப்பு அறிவியலில் பாதி சந்தேகம் தீரும்.

தமிழ் விக்கிபீடியாவை நெட் இல்லாமல் படிக்க கிவிக்ஸ் இருக்கிறது. அதன் டெஸ்க்டாப் பதிப்பு பழைய விண்டோஸில் முரண்டு பிடித்தால் அதையே பிரவுசர் நீட்சியாகச் சேர்க்கலாம். பாடப் புத்தக பிடிஎஃப்களுக்கு சுமாத்ரா பிடிஎஃப் போட்டுவிடுங்கள். அடோபி ரீடர் இந்தக் கணினிக்குப் பாரம்.

இறக்குவதும் நிறுவுவதும்

பழைய கணினியில் பிரவுசரே முதல் தடை. குரோம் 109தான் விண்டோஸ் 7, 8.1-க்கான கடைசிப் பதிப்பு. ஃபயர்ஃபாக்ஸ் என்றால் இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) 115 வரிசை. நான் ஃபயர்ஃபாக்ஸையே சொல்வேன். விண்டோஸின் பழைய சான்றிதழ் பட்டியலை நம்பாமல் தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால், மற்ற பிரவுசரில் திறக்காத தளங்களும் இதில் திறக்கும். 115 வரிசைக்குள்ளேயே புதியதை எடுங்கள்.

முடிந்தால் இன்னொரு நல்ல கணினியில் எல்லாவற்றையும் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவருவது சுலபம். போன் ஹாட்ஸ்பாட்டில் பெரிய கோப்புகளை இறக்கும்போது நடுவில் அறுந்து, பாதிக் கோப்பு முழுக் கோப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும். அதை ஓடவிட்டால் 'என்எஸ்ஐஎஸ் எரர்' என்று தொடங்கி, இன்டெக்ரிட்டி செக் தோற்றது என்ற செய்தி வரும். பயப்பட வேண்டாம், மறுபடி இறக்கினால் சரியாகும். நிச்சயப்படுத்த, செவன்ஜிப் என்ற மென்பொருளைப் போட்டுக் கோப்பில் ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவில் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணை எடுத்து, தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடலாம்.

பென்டிரைவில் இன்னொரு பொறி. கிவிக்ஸ் கோப்பை நகலெடுக்கும்போது, 16 ஜிபி காலி இடம் இருந்தும் 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுக்கும். பென்டிரைவ் ஃபேட்32-ல் ஃபார்மேட் ஆகியிருப்பதே காரணம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள்.

நிறுவத் தொடங்கும் முன், கோளாறானால் பழைய நிலைக்குத் திரும்ப, கன்ட்ரோல் பேனலில் ஒரு சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். சி டிரைவில் 10 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்தான் பாதிக் கணினிகள் படுத்துவிடுகின்றன. பிறகு இன்ஸ்டாலரில் ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். எல்லாப் பயனருக்கும் என்று கேட்டால் ஆம். 'டூல்பார்', 'ஸ்பீடு பூஸ்டர்' என்று எதற்காவது டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மேலே சொன்ன மென்பொருள்கள் எதுவும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் நீங்கள் தப்பான தளத்தில் இறக்கியிருக்கிறீர்கள்.

ஒன்றை நிறுவி, திறந்து பார்த்து, மூடி, அதன் பிறகே அடுத்தது. ஐந்தை ஒரேயடியாகப் போட்டுவிட்டுக் கணினி மெதுவானால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிழைச் செய்தி வந்தால்

செய்தியை முழுதாகப் படித்து, போனில் படம் பிடித்துவிடுங்கள். 'ஓகே' அழுத்தியதும் மறைந்துவிடும். பிறகு யாரிடம் கேட்டாலும் 'என்ன வந்துச்சு' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

'நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்' என்று வந்தால் 64 பிட் கோப்பை 32 பிட் விண்டோஸில் ஓட்டுகிறீர்கள், அல்லது கோப்பு பாதிதான் இறங்கியிருக்கிறது.

'விசிரன்டைம்140', 'எம்எஸ்விசிபி140' அல்லது 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் டிஎல்எல் (மென்பொருளுக்கு வேண்டிய துணைக் கோப்பு) இல்லை என்று சொன்னால், தேவை மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ 2015 தொகுப்பு. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 64 பிட் விண்டோஸ் என்றாலும் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுங்கள். ஓட்டும் மென்பொருள் 32 பிட்டாக இருந்தால் அதற்கு எக்ஸ்86 தொகுப்புதான் வேண்டும். விண்டோஸ் 7-ல் இது ஏற மறுத்தால் கேபி2999226 என்ற அப்டேட்டை முதலில் போட வேண்டும். ஒரே ஒரு டிஎல்எல்லை மட்டும் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

'ப்ரொசீஜர் என்ட்ரி பாயின்ட்' கெர்னல்32-ல் கிடைக்கவில்லை என்று வந்தால் மருந்து கிடையாது. அந்த மென்பொருள் உங்கள் விண்டோஸில் இல்லாத ஒன்றைக் கேட்கிறது. பழைய பதிப்பைத் தேடுவதுதான் வழி.

விண்டோஸ் 7-ஐப் புதிதாகப் போட்ட கணினியில் அப்டேட்டே இறங்கவில்லையா? 2019 முதல் மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்களை எஸ்எச்ஏ-2 முறையில் மட்டுமே கையொப்பமிடுகிறது. முதலில் கேபி4490628, அடுத்து கேபி4474419, இந்த வரிசையில் கையால் நிறுவினால் கதவு திறக்கும்.

எந்தச் செய்தியும் இல்லாமல், இரட்டைக் கிளிக் செய்ததும் ஒரு கணம் மவுஸ் சுழன்று அப்படியே நின்றுவிடுகிறதா? பயனர் பெயரைப் பாருங்கள். பிள்ளையின் பெயரைத் தமிழில் கொடுத்துக் கணக்கு உருவாக்கியிருந்தால், பயனர் ஃபோல்டரின் பாதையிலும் தமிழ் எழுத்து நுழைந்துவிடும். பழைய மென்பொருள் சில அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் பேசாமல் மூடிக்கொள்ளும். பின்னால் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கு ஒன்று உருவாக்கி அதில் திறந்து பாருங்கள். கணக்கின் பெயர் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர். லேப்டாப் தயாரித்தவரின் தளத்தில் மாடல் எண் கொடுத்து அதற்கான டிரைவரை எடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்கள் வேண்டாம்.

சன்னலின் அடியில் உள்ள பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விட்டன என்றால் அது கோளாறே இல்லை. 1366×768 திரையில் எழுத்தளவு 125 சதவீதமாக இருக்கும்; 100-க்குக் குறைத்தால் பொத்தான் உள்ளே வரும்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால்

விண்டோஸ் 7-ல் லதா, விஜயா ஆகிய தமிழ் எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. 8-லிருந்து நிர்மலா யுஐ. ஆகவே யூனிகோடு தமிழ் சாதாரணமாகவே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் யாரோ எழுத்துருவை நீக்கியிருப்பார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் ஒன்றைப் போட்டால் சரி.

'மிழ்', 'க்ஷி' போன்றவை இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வந்தால் அது யூனிகோடு அல்ல. பழைய கல்விச் சிடிகளில் பாமினி, வானவில், டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டதே 2010-ல்தான். சிடிக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள்; அதிலுள்ளதை நிறுவினால் பாடம் படிக்கும்படி வரும்.

தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர் அல்லது இ-கலப்பை. பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழக்குங்கள். ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை பெரியவர்களுக்குச் சுலபம். எழுத்தே இப்போதுதான் கற்கும் பிள்ளைக்கு அது குழப்பம்.

சிடியில் வந்த பழைய பாடங்கள்

2000-களில் வாங்கிய பாட சிடிகள் பெரும்பாலும் ஃப்ளாஷில் செய்தவை. ஃப்ளாஷை அடோபி 2020 டிசம்பர் 31-ல் நிறுத்திவிட்டது. பிரவுசரில் ஓடும் சிடி என்றால் ரஃபிள் என்ற மாற்றை முயலலாம். பழைய ஆக்ஷன்ஸ்கிரிப்டில் செய்தவை அதில் நன்றாக ஓடுகின்றன. சிடிக்குள்ளேயே எக்ஸ்இ கோப்பாக இருந்தால் ஃப்ளாஷ் அதற்குள் அடங்கியிருக்கும், எதுவும் வேண்டாம். ஓடாவிட்டால் ப்ராப்பர்டீஸில் 'கம்பாட்டிபிலிட்டி' தாவலில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 தேர்ந்தெடுத்து, 256 நிறங்கள் என்பதையும் டிக் செய்து பாருங்கள். 90-களின் 16 பிட் மென்பொருளாக இருந்தால் 64 பிட் விண்டோஸில் ஒருபோதும் ஓடாது. சிடி கீறல் விழும் முன் அதன் முழு நகலை ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து வையுங்கள். டிரைவின் லென்ஸும் பழசாகிவிட்டது.

விண்டோஸை விட்டு வெளியே வருவது

விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-லும், 8.1-க்கு 2023 ஜனவரி 10-லும், 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டது. நெட் இணைக்காமல் ஓட்டுவதானால் கவலை இல்லை. தினமும் நெட்டில் இருக்கப்போகிற கணினி என்றால் லினக்ஸ்தான் சரி. அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது பலருக்கு நினைவிருக்கும். பூட் ஆகும்போது வரும் அந்த இரண்டாவது வரியை அன்று யாரும் தொடவில்லை.

64 பிட் பிராசஸரும் 2 ஜிபிக்கு மேல் ரேமும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதைவிடக் குறைவு, அல்லது 32 பிட் பிராசஸர் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ். தளத்தில் இறக்கிய ஐஎஸ்ஓவை ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். விண்டோஸ் 7-ல் ரூஃபஸ் 3.22 வரைதான் ஓடும். கணினி எழும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் அழுத்தினால் எதிலிருந்து பூட் செய்வது என்று கேட்கும்.

உடனே இன்ஸ்டால் பொத்தானை அழுத்தாதீர்கள். பென்டிரைவிலிருந்தே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, டச்பேடு வேலை செய்கிறதா? வைஃபைதான் அதிகம் சிக்கும், குறிப்பாகப் பிராட்காம் சிப் உள்ளவற்றில். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற இந்தச் சுழலை உடைக்க ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி ஒயரில் செருகி, 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு 'டிரைவர் மேனேஜர்' திறந்து பரிந்துரைத்ததைப் போட்டால் வைஃபை வந்துவிடும்.

லினக்ஸில் இந்த வழிகாட்டியின் முக்கால்வாசி தேவையே இல்லை. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட், ஸ்டெல்லேரியம், உலக வரைபடத்துக்கு மார்பிள், தனிம அட்டவணைக்குக் கல்சியம், தட்டச்சுக்கு கேடச் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பதிப்புப் பொருத்தத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். தமிழ்99-க்கு ஐபஸ் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் போதும்.

பிள்ளைக்குத் தனிக் கணக்கு

எந்த இயங்குதளமானாலும் பிள்ளைக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று, ஆங்கில எழுத்துப் பெயரில். டெஸ்க்டாப்பில் நான்கைந்து ஐகான் மட்டும். அவர்கள் செய்தவை எங்கே சேமிக்கப்படுகின்றன என்று இப்போதே பார்த்து வையுங்கள். டக்ஸ் பெயின்ட் படங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்காது. விண்டோஸில் 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் 'டக்ஸ்பெயின்ட்', அதற்குள் 'சேவ்டு'. ஃபார்மேட் அடிக்கும்போது முதலில் தொலைவது இந்தப் படங்கள்தான். கான்ஃபிக் மென்பொருளில் சேமிக்கும் இடத்தை டி டிரைவுக்கு மாற்றிவிடலாம். மாதம் ஒருமுறை அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இன்ஸ்டாலர் கோப்புகளையும் அதே பென்டிரைவில் 'விண்டோஸ் 7-ல் ஓடியவை' என்று பெயரிட்ட ஃபோல்டரில் போடுங்கள், பதிப்பு எண்ணோடு. இன்று தளத்தில் கிடைக்கும் பழைய பதிப்பு அடுத்த வருடமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.